அக்காவுக்கு மட்டும் போனில்

பெல்பாட்டம் எண்பதுகளைச் சேர்ந்ததே இல்லை என்று நாச்சிமுத்து காலையிலிருந்து தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறான், கேட்கத்தான் நாதியில்லை. அது அதற்கும் முந்தி, மேஸ்திரி மகன்கள் தெருவைப் பெருக்கிக்கொண்டு நடந்த காலத்துச் சமாச்சாரம். எண்பதில் பேண்ட் தொடையில் தொளதொளத்துக் கணுக்காலில் சுருங்கியது. அவனுக்குத் தெரியாதா, அந்தப் பத்து வருசமும் மில் கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, உள்ளே போகிறவன் வெளியே வருகிறவன் கால்களை மட்டுமே பார்த்து வளர்ந்தவன். "இருக்கட்டும்ப்பா, ஒரு ஜாலிக்குத்தான" என்று மகள் நிவேதிதா அவன் வழுக்கையின் மேல் ஒரு விக்கைக் கவிழ்த்து, காது வரைக்கும் இழுத்துவிட்டுப் போய்விட்டாள். தலை நமைக்கிறது. மினுமினுச் சட்டைக்குள் வியர்வை ஓடுகிறது. மொட்டை மாடி முழுக்கச் சீரியல் விளக்கு, பாலக்காட்டுக் காற்றுக்கு அது ஆடுகிற ஆட்டத்தில் எல்லார் மூஞ்சியும் ஒரு தரம் சிவப்பாகவும் ஒரு தரம் பச்சையாகவும் தெரிகிறது. கல்யாணமாகி முப்பது வருசம். அதைக் கொண்டாட ஒரு கேக் வெட்டினால் போதாதா, எண்பதுகளைக் கொண்டுவந்து மாடியில் இறக்க வேண்டுமாம். பெங்களூரில் அவள் ஆபீஸில் அப்படித்தான் செய்கிறார்களாம். செய்யட்டும். அதில் அவனுக்கு ஒன்றும் வருத்தமில்லை. வருத்தம் சட்டைப் பையில் இருக்கிறது. போனை எடுத்துப் பார்த்தான். நீலக் கோடு இரண்டும் அப்படியே இருந்தன. பார்த்துவிட்டாள். அக்கா போன வாரமே பார்த்துவிட்டாள். சரி என்றில்லை, வர்றேன் என்றில்லை, ஒரு கும்பிடு பொம்மைகூட இல்லை. வரமாட்டாள். வராவிட்டால் போகட்டும். வருவாளா?

ஊர் முழுக்க நேரில் போய்த்தான் அழைத்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ், கேசட் மாதிரியே அச்சடித்த பத்திரிகை, பக்கத்தில் பிரேமா, வாசலில் நின்று "குடும்பத்தோட வரோணுங்க" என்று ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பேரும் சேர்ந்து குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. மூடிப்போன மில்களின் மெஷின்களை ஏலத்தில் எடுத்துக் கைமாற்றி விடுகிற தொழிலில், போன மாசம் வரை தன்னோடு மல்லுக்கு நின்ற வேலந்தாவளத்துக்காரன் வீட்டுக்கும்கூடப் போனான். டயர் கடைக்காரனுக்கும் தட்டு நீட்டினான். கூடப்பிறந்த அக்கா சாந்தாமணிக்கு மட்டும் போனில் படம் போனது. அவள் புருசன் ஆறுக்குட்டி மாமா செத்து எட்டு மாசம்தான் ஆகிறது, வருசம் திரும்பவில்லை. "கூப்பிட்டாலும் சங்கடம், கூப்பிடாட்டியும் சங்கடம், பொதுவாப் போற மாதிரி போன்ல போட்டுட்டா அவிங்க இஷ்டத்துக்கு விட்ட மாதிரி ஆயிரும்ங்க" என்றாள் பிரேமா. நல்ல யோசனையாகத்தான் பட்டது. யாருடைய யோசனை? பிரேமாவுடையது. அனுப்பிய விரல்? அதை விடு. அவள்தான் ஆகட்டும், ஒரு போன் அடித்து, ஏன்டா நேரில் வரக் கால் நோகுதா என்று நாலு வசவு வைதிருந்தால் அந்த நிமிசமே தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பானே. வையவில்லை. அதுதான் அவளுடைய வியாபாரம். அவனுக்குத் தெரியாத வியாபாரமா? எந்த ஏலத்திலும், எந்த குடோனிலும், முதலில் வாயைத் திறந்தவன் தோற்றான். ஆமதாபாத் சேட்டு முன்னால் நாள் பூராவும் டீயாகக் குடித்துக்கொண்டு வாயே திறக்காமல் உட்கார்ந்து ஒரு ஸ்பின்னிங் மில்லையே அள்ளிக்கொண்டு வந்தவன் அவன். அக்காவிடமும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறான், ஒரு வாரமாக. அவள் திறக்கட்டும். அவள் திறக்கவில்லை. சேட்டு தேவலாம், சேட்டுக்கு ரயிலுக்கு நேரமாகும்.

"மாமா, சோடா!" என்று மருமகன் பிரணவ் ஒரு கோலி சோடாவைக் கையில் திணித்தான். கட்டை விரலால் ஒரு அமுக்கு. கோலி உள்ளே போன சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். விரலில் வழிந்த பன்னீர் வாசனை அவனை அப்படியே கொண்டுபோய் மில் கேட்டில் உட்கார வைத்தது. மூலையில் பெட்டிக்கடை மாதிரி ஜோடித்து, கண்ணாடிப் புட்டிகளில் தேன் மிட்டாய், கமர்கட், சூட மிட்டாய், ஆரஞ்சு மிட்டாய், ஜவ்வு மிட்டாய், எல்லாரும் குழந்தையாகி, "அய்யோ, எங்க காலத்துது!" என்று கன்னத்தில் அடக்கிக்கொள்கிறார்கள். உங்கள் காலத்தில் நீங்கள் தின்றீர்கள், நாங்கள் விற்றோம் என்று சொன்னால் யார் முகத்தை யார் பார்ப்பது? கதவடைப்பில் அப்பாவுக்கு வேலை போன பிறகு கேட்டுக்கு வெளியே சாக்கை விரித்தது அவனும் அக்காவும்தான். சங்கு ஊதினதும் கால்கள் வரும். அழுக்குக் கால், பஞ்சு ஒட்டின கால், செருப்பில்லாத கால். அக்கா கால்களைப் பார்த்தே ஆளைச் சொல்லுவாள், இந்தக் காலுக்குக் கடன் சொல்லும் வாய், அந்தக் காலுக்கு வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, மிட்டாயைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வை என்று. ஒரு சோடியில் மட்டும் அவள் ஏமாந்தாள், அல்லது ஏமாறாமல் பிடித்தாள். ஆயில் கறை படிந்த கால், தினமும் வந்து தேன் மிட்டாய் கேட்கும், தின்னாது. அதுதான் ஆறுக்குட்டி மாமா. இனிப்பே ஆகாது அந்த மனுசனுக்கு. வாங்கினதையெல்லாம் நாச்சிமுத்து கையில்தான் கொடுத்துவிட்டுப் போவார். தான் விற்ற மிட்டாயைத் தானே தின்றது ஊரிலேயே அவன் ஒருத்தன்தான். சோடாவைக் கைப்பிடிச் சுவரில் வைத்தான். எட்டு மாசத்துக்கு முந்தி அந்தக் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சீலை போட்டது இவன்தான். துணிக்கடையில் சீலையைக் கையில் எடுத்ததும் பழக்க தோசத்தில் "குறைச்சுப் போடுங்க" என்று வந்துவிட்டது. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கோடிக்குப் பேரம் பேசக் கூடாதுங்க" என்றார், மெதுவாக, வேறு யாருக்கும் கேட்காமல். அந்த மெதுவை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது. ஓங்கிச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பாட்டு மாறியது. தபேலாவும் வயலினும் சேர்ந்து ஏறுகிற பழைய பாட்டு. அந்தக் காலத்தில் எதிர் டீக்கடைப் பெட்டியில் இதைப் போட்டால் அக்கா விற்பதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். பிரேமாவின் மஞ்சள் பட்டு வெளிச்சத்தில் மின்னியது. சம்பந்தியம்மா அவளோடு உட்கார்ந்து பருத்திப்பால் குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மாதிரிதான். நிவேதிதாவை மகள் மாதிரிதான் வைத்திருக்கிறார், அதில் ஒரு சொல் குறை சொல்ல முடியாது. அந்தம்மா தலையை நிமிர்த்தி, "ஏனுங்க சம்பந்தி, உங்க அக்கா வரலீங்களா? கண்ணுலயே படக்காணோம்?" என்றார். அவன் வாயைத் திறப்பதற்குள் பிரேமா, "அவிங்களுக்கு இன்னும் வருசம் திரும்பலீங்க" என்றாள். "அட ஆமா, மறந்தே போனேன்" என்று சம்பந்தியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். "வராததும் ஒரு விதத்துல நல்லதுதானுங்க." அவ்வளவுதான். திரும்பவும் பருத்திப்பால். விசமில்லாத பேச்சு, சாப்பாட்டில் உப்பு சரியாயிருக்கிறது என்கிற மாதிரி. ஆனால் அது நாச்சிமுத்துவின் தொண்டையில் மீன் முள் மாதிரிக் குறுக்காக நின்றுகொண்டது. எதில் நல்லது? யாருக்கு நல்லது? கேட்டிருக்க வேண்டும். மெஷினுக்கு ஒரு போல்ட் குறைந்தால் ஏல அதிகாரி சட்டையைப் பிடிக்கிறவனுக்கு அப்போது வாய் எங்கே போயிற்று? நகர்ந்தான். நகர்ந்து எங்கே போவது, மாடி என்ன மாடி, நாலு பக்கமும் சுவர். படியேறுகிற இடத்தில் கட்டியிருந்த பேனரில் போய் முட்டினான். கல்யாணப் போட்டோ, ஆள் உயரத்துக்கு. மீசையும் மாலையுமாக அவன், தலை குனிந்து பிரேமா. பேனர்க்காரன் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வெட்டிவிட்டான். சரியாக வெட்டத் தெரியவில்லை. பிரேமாவின் பிடரிக்குப் பின்னால் ஆளில்லாமல் பத்து விரல் நின்றது. தாலியின் முதல் முடிச்சை அவன் போட, மீதி இரண்டையும் நாத்தனாராய் நின்று அக்கா போட்ட விரல். இந்த முப்பது வருசத்தில் அவன் போட்ட முடிச்சு ஒன்றே ஒன்று, இந்தக் கோபத்தோடு, இந்த வாயோடு. அது தனியாக நின்றிருந்தால் எப்போதோ அவிழ்ந்திருக்கும். பிரேமா மூட்டை கட்டின ரெண்டு தடவையும் சமாதானத்துக்கு வந்தது யார்?

அப்படியிருந்தும் போனில் போட்டான். ஏன் போட்டான்? பிரேமா சொன்னாள். பிரேமா ஆயிரம் சொல்லுவாள், அதில் என்றைக்கு எதைக் கேட்டிருக்கிறான்? வீட்டுக்கு என்ன சாயம் அடிப்பது என்பதிலிருந்து சாம்பாருக்கு எத்தனை பச்சை மிளகாய் என்பது வரை எதிர்ப்பேச்சுப் பேசுகிறவன், இதை மட்டும் ஏன் ஒரே சொல்லில் ஒத்துக்கொண்டான்? நினைப்பு அந்த இடத்துக்குக் கிட்டப் போகும்போதெல்லாம் சோடாவைப் பார்த்தது, விளக்கைப் பார்த்தது, பெல்பாட்டத்தைப் பார்த்துக் குரைத்தது. செருப்புக்குள் கல்லை வைத்துக்கொண்டு ரோட்டைத் திட்டின கதை. குனிந்து எடுடா. எடுத்தான். நிம்மதி. பிரேமா அந்த யோசனையைச் சொன்னபோது நெஞ்சில் ஜில்லென்று இறங்கினது நிம்மதி. நெற்றி வெறுமையாக அக்கா இந்தப் படியேறி வருவதையும், சம்பந்தி வீட்டு ஜனம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வதையும், மேடைக்கு அவளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று தான் திணறுவதையும் அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தான். பிரேமா வாயைத் திறக்கும் முன்னே. அவள் அவன் மனசைப் படித்துத்தான் அப்படிச் சொன்னாளோ என்னவோ. அக்காவும் படித்திருப்பாள். காலைப் பார்த்தே ஆளைச் சொல்கிறவளுக்கு இரண்டு நீலக் கோடு போதாதா? தம்பி நேரில் வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டுமா? அவள் வாயை மூடிக்கொண்டிருப்பது பேரம் என்று ஒரு வாரமாக நினைத்திருக்கிறான். பேரமே இல்லையோ? கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டவளுக்கு எதிரே தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறானோ? இன்றைக்கு இது இப்படியே முடிந்தால் நாளைக்குப் போய்ச் சொல்ல ஒரு சொல் இருக்காது. பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனால் வாங்கிக்கொள்வாள், காப்பி வைத்துக் கொடுப்பாள், "வாங்க, போங்க" என்பாள். அவ்வளவுதான் அக்கா.

"எல்லாரும் வாங்க, வாங்க, அடுத்த ஐட்டம்!" என்று பிரணவ் மைக்கில் கூவினான். ஆளுக்கு ஒரு எண்பதுகள் கதை சொல்ல வேண்டுமாம். பிரேமாவின் அண்ணன் டெக்கு வாடகைக்கு எடுத்துத் தெருவே விடிய விடியப் படம் பார்த்த கதையைச் சொன்னார். டயர் கடைக்காரர் காதல் கடிதம் கொண்டுபோய் அடி வாங்கின கதையைச் சொன்னார், சிரிப்பு அடங்க நேரமானது. "இப்ப நம்ம ஹீரோ! மாமா, எண்பதுல நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" மைக் கைக்கு வந்துவிட்டது. சில்லென்று இருந்தது. "சொல்லுங்க நாச்சிமுத்து, ஆரைப் பாத்து விசிலடிச்சீங்க?" என்று யாரோ. "பிரேமா காதைப் பொத்திக்கம்மா!" என்று இன்னொருத்தர். நாச்சிமுத்து சிரித்தான். ஒரு கதையைத் தேடினான். வாட்ச்மேன் சாக்கைத் தூக்கி எறிந்த கதை. அதில் அக்கா வாட்ச்மேன் கையைக் கடிக்கிறாள். மழையில் கடலை நனைந்த கதை. அக்கா பாவாடையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காய்ச்சலில் கிடந்த கதை, தீபாவளிக்குச் சட்டை இல்லாத கதை, முதல் முதலாக ஒரு பழைய மோட்டாரை வாங்கி விற்ற கதை. அதைத் தன் சைக்கிளில் கட்டி மிதித்தது மாமா, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடியது அக்கா. எந்தக் கதவைத் திறந்தாலும் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளை எடுத்துவிட்டுச் சொல்ல அந்தப் பத்து வருசத்தில் அவனிடம் ஒரு கதைகூட இல்லை. பேனரில் வெட்டின மாதிரி வெட்டினால் வெறும் சாக்குதான் மிஞ்சும். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிவப்பாக, பச்சையாக. "ஒரு நிமிசம்" என்றான் மைக்கில். மைக்கைப் பிரணவ் கையில் கொடுத்தான். படியில் இறங்கினான். "ஏனுங்க, எங்கீங்க?" என்று பிரேமாவின் குரல் பின்னால் வந்தது, நிற்கவில்லை. காரை எடுத்தான். தட்டு இல்லை, வெற்றிலை இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ரயில்வே கேட்டைத் தாண்டினால் அக்கா வீடு. இவ்வளவு கிட்டத்தில் இருந்தது என்பதே ஒரு வசவு மாதிரி இருந்தது. என்ன சொல்வது? பிரேமா மேல் போடலாம். வேலை நெருக்கடி என்று சொல்லலாம். அழுதுவிடலாம். அழுகை வருமா? கோபம்தான் வந்தது, முன்னால் போன மொபெட்காரன் மேல்.

கம்பிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டீவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல்.

"அக்கா."

"ஆருங்க அது?" கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். தவிட்டு நிறச் சீலை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மேலும் கீழும் பார்த்தாள். "அடக் கெரகமே. மண்டையில என்னடா கரடி?"

விக்கைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். "கூப்பிட வந்தேன்க்கா."

"அதான் போனுல பாத்தனே. கேசட்டாட்டம் படம் போட்டு நல்லாத்தான் இருந்துச்சு. பக்கத்தூட்டு ஈஸ்வரிகிட்டக்கூடக் காட்டினேன். ஏனக்கா, உன்ற தம்பி நேர்ல வரலியான்னா. அவனுக்கு ஆயிரம் சோலின்னு சொல்லிப்போட்டேன்."

வைதிருக்கலாம். வைதால் பதில் இருந்தது. நாச்சிமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். "இப்ப வந்துட்டன்ல. வா. ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போ." அவள் பேசவில்லை. "அரை மணி நேரம். சாப்பிட்டதும் நானே கொண்டாந்து விடறேன்." பேசவில்லை. அவன் ஆயுசில் எதிராளி வாயைத் திறக்காமல் அவன் இறங்கியதில்லை. இப்போது இறங்க இறங்கப் படி வந்துகொண்டே இருந்தது. "கூட்டம் உனக்கு ஆகாதுன்னா மேடைப் பக்கம் வர வேண்டாம். மேலயே வர வேண்டாம்க்கா, கீழ ரூம்ல உக்காந்துக்க, ஏசி போட்டு விடறேன், தட்டு அங்கயே வந்துரும்." சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது.

"கீழ ரூம்ல" என்றாள் அக்கா.

"இல்ல. அதில்ல." கம்பிக் கதவில் ஓங்கி ஒரு குத்து விட்டான். முட்டி வலித்தது. "என்ற வாயே இப்படி. பேசிப் பேசியே நாசமாப் போன வாய்."

"இதுல கோவிச்சுக்க என்னடா இருக்குது? உன்ற சம்பந்தியம்மா இருப்பாங்க. அவிய ஒன்னு நெனைப்பாங்க."

"நானும்தான்க்கா நெனைச்சேன்." வந்துவிட்டது. காரில் யோசித்த எதுவும் இல்லை, இதுதான் வந்தது. "பிரேமா சொன்னா, நான் சரின்னேன். நீ வராட்டித் தேவலைன்னு எனக்கே இருந்துச்சு."

டீவி வெளிச்சம் அவள் கன்னத்தில் மாறிக்கொண்டே இருந்தது. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். வியர்வையோ என்னவோ. "தெரியும்" என்றாள்.

"நீ சொல்லு. என்ன பண்ணோணும்னு நீயே சொல்லு."

"சொன்னாச் செய்வியா?"

"செய்யறேன்."

"முன்னாடி உக்காருவேன். பிரேமா பக்கத்துல. கீழ ரூமெல்லாம் உன்ற மெசினுக்கு வெச்சுக்க."

"சரி."

"உன்ற மாமனைப் பத்திப் பேசுவேன். நல்ல நாளும் அதுவுமாச் செத்தவனைப் பேசறாளேன்னு ஒருத்தி சொல்லக் கூடாது."

"சரி."

"எவளாச்சும் மூஞ்சியச் சுளிச்சா நான் எந்திரிச்சு வர மாட்டேன். அவளத்தான் எந்திரிக்கச் சொல்லுவேன்."

சம்பந்தியம்மாவின் முகம் வந்து நின்றது. நிவேதிதா அந்த வீட்டில் வாழ வேண்டும். அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளக்கா என்கிற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, முழுங்கினான். "சரி."

"என்னடா எல்லாத்துக்கும் சரிங்கற? ஏமாத்தறியா?"

"இல்லக்கா."

தாழ்ப்பாளை நீக்கினாள். "வந்து உக்காரு. இந்தக் கோலத்துல வாசல்ல நிக்காத, நாய் குரைக்கும்." உள்ளறைக்குப் போனாள். பீரோ திறந்தது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வெகுநேரத்தில் அவன் பத்துத் தடவை எழுந்து பத்துத் தடவை உட்கார்ந்தான். மனசு மாறிவிட்டாளோ? மாமா படத்துக்கு முன்னால் நிற்கிறாளோ?

"பிரேமா என்ன கலரு கட்டியிருக்கா?"

"மஞ்சளு."

பீரோவுக்குள் ஹேங்கர்கள் உரசின. "அப்ப நான் செவப்பு கட்டறேன்."

சிவப்பு. வருசம்கூடத் திரும்பாமல் சிவப்பு. அவன் எதுவும் சொல்லவில்லை என்பதை அவள் கவனித்துக்கொண்டிருப்பாள் என்று தெரிந்து, "கட்டுக்கா" என்றான் சத்தமாக. பையில் போன் அதிர்ந்தது. பிரேமா.

"எங்கதானுங்க போனீங்க? எல்லாரும் கேக்கறாங்க."

"வர்றோம். முன்னாடி ஒரு சேர் போடு."

"வர்றோம்னா?"

"அக்காவும் நானும்."

அந்தப் பக்கம் பாட்டு மட்டும் கேட்டது, யாரோ சிரிப்பது கேட்டது.

"எங்க போடறது?" என்றாள் பிரேமா.

"உன்ற பக்கத்துல."

திரும்பவும் பாட்டு. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். பிறகு, மொட்டை மாடித் தரையில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.